அந்தோனியார் என்னிடம் சொல்லாதது

நான் பொய் சொன்னேன். ஒரு புனிதரின் பெயரால் சொன்னேன். இறந்துபோன ஒருவரை உயிரோடு இருக்கிறார் என்று அவருடைய மனைவியிடமே சொன்னேன். அவர் இறந்துவிட்டதை அறிவித்த கடிதம் அந்த நேரம் என் கோட்டுப் பையில் இருந்தது!

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றிவளைத்துச் சொல்லத் தொடங்கினால் நான் என்னை நல்லவனாக்கிவிடுவேன். குருமடத்தில் ஐந்து வருடம் படித்தவன் நான். எந்தப் பாவத்துக்கும் ஒரு நியாயம் தேடித் தரச் சொன்னால் லத்தீனில்கூடத் தருவேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைப் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். குருமடத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தவனுக்கு அந்தப் பெயர் எதற்கு? ஆனாலும் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது... அதுவும் இந்தக் கதையில் ஒரு குற்றம்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு, மாசி மாதம். டென்மார்க்கின் மேற்குக் கரையில், கோடைகாலத்தில் மட்டும் ஆட்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். எங்களுக்கு அது அகதி முகாம். காற்று பகல் முழுவதும் சன்னலைப் போட்டு அடிக்கும். அவித்த உருளைக்கிழங்கும், டேனிஷ் வகுப்பும், தபால்காரருக்காகக் காத்திருப்பதும்தான் எங்கள் நாட்கள்.

பிலோமினா அங்கேதான் இருந்தாள். மன்னார்க்காரி. இருபத்தாறு வயது. அயல்வீட்டுக் குடும்பம் ஒன்றோடு வந்து சேர்ந்தவள். அவளுடைய கணவர் அருளப்பு, மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். கையிலிருந்த பணத்துக்கு ஒருவர்தான் வரலாம் என்றபோது, 'நீ முதல் போ, நான் இரண்டு மாதத்தில் வாறன்' என்று அவளை அனுப்பிவைத்தவர். இரண்டு மாதம் நான்காயிற்று, ஐந்தாயிற்று... ஒரு வரி இல்லை.

அவளை நான் 'தங்கச்சி' என்றேன். எங்கள் ஆட்களிடையே கலியாணம் முடித்த ஒரு இளம் பெண்ணை வேறெப்படிக் கூப்பிடுவது? அந்தச் சொல்லுக்கும் நான் முழுக்க உண்மையாக இருக்கவில்லை என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்பது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். பூட்டுத் திறப்புத் தொலைந்தாலும் அவர்தான், ஆடு தொலைந்தாலும் அவர்தான். செவ்வாய்க்கிழமை அவருடைய நாள். பிலோமினா அவருக்கு நேர்த்தி வைத்தாள். பதின்மூன்று செவ்வாய் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதாகத் தொடங்கியது. பதின்மூன்றும் முடிந்தன, செய்தி வரவில்லை. பிறகு புதனையும் வெள்ளியையும் சேர்த்துக்கொண்டாள். தை மாதம் பிறந்தபோது ஏழு நாளும் வெறும் தேநீரும் ஒரு துண்டு பிஸ்கட்டும்தான்! டேனிஷ் வகுப்பில் ஒருநாள் கரும்பலகைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். முகாமுக்கு வரும் தாதி, இனியும் சாப்பிடாவிட்டால் ஆசுபத்திரியில் கட்டிவைத்து ஊசியால் சத்து ஏற்றவேண்டிவரும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் என்னிடம்தான் சொல்வார்கள். பிரதர் அல்லவா!

அந்தக் கிழமையில்தான் கடிதம் வந்தது.

என்னோடு குருமடத்தில் படித்து, நான் ஓடிய பிறகும் ஓடாமல் நின்று குருவானவர் எழுதியது. மன்னார்ப் பக்கத்தில் பங்குத்தந்தையாக இருந்தார். பேருந்து ஒன்றை மறித்து ஆட்களை இறக்கினார்களாம். மூன்று நாள் கழித்துப் பற்றைக் காட்டுக்குள் சில உடல்கள். முகம் வைத்து அடையாளம் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. 'எனக்குத் தெரிந்தது, அருளப்புதான். கழுத்தில் உத்தரியம், அதன் துணியில் ஊசியால் குத்தி மாட்டிய அந்தோனியார் பதக்கம். போன திருநாளுக்கு நானே மந்திரித்துக் கொடுத்தது. நானே அடக்கம் பண்ணினேன். ஊர்ச் சனம் முழுக்கப் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டது, சொல்லவும் ஆளில்லை. அவளுக்கு நேரே எழுத என் கை ஓடவில்லை. நீ பக்கத்தில் இருக்கிறாய். மெதுவாகச் சொல்லு' என்று எழுதியிருந்தார்.

மெதுவாகச் சொல்லு... எப்படி மெதுவாகச் சொல்வது? நீங்கள் சொல்லிப் பாருங்கள்!

மூன்று நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. எங்கள் டேனிஷ் ஆசிரியை கியர்ஸ்டன், நல்ல மனுசி, எங்களை நகரத்து அருங்காட்சியகத்துக்குப் பேருந்தில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. திரும்பி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். இதை மட்டும் நம்புங்கள்.

அருங்காட்சியகத்தில் முதலில் கற்கோடரிகள், பிறகு கப்பல்கள், பிறகு தலைமயிர் சுருட்டிய அரசர்கள். நாங்கள் பதினொரு பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டே பின்னால் போனோம். ஆறாவதோ ஏழாவதோ அறைக்குள் நுழைந்தபோது, முன்னால் போன பிலோமினா அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் அந்தோனியார்!

கதவைவிடப் பெரிய ஓவியம். முந்நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று கியர்ஸ்டன் வாசித்துச் சொன்னார். யாரோ ஒரு தென் ஐரோப்பிய ஓவியர், பெயர் தெரியாது. படம் முழுக்க இருட்டு, மண்ணிறமும் கறுப்பும். இடது மேல் மூலையிலிருந்து மட்டும் வெளிச்சம் சரிந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தில் மேகத்தை விட்டு இறங்கி, விரித்த புத்தகத்தின்மேல் கால்வைத்து நிற்கிறது குழந்தை இயேசு. கீழே முழந்தாளில் அந்தோனியார். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. இரண்டு கைகளும் குழந்தையைத் தொடலாமா வேண்டாமா என்று பாதியில் நிற்கின்றன. ஊரில் சுரூபங்களில் அவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார். இங்கே அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அவருக்கு நாங்கள் தேவைப்படவில்லை.

புனிதர்களைக் கோயிலில் வைத்துக்கொள்ளாத நாடு இது. அதனால் இங்கே அவர்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள், கற்கோடரிகளுக்கு ஆறு அறை தள்ளி. ஆனால் எங்கள் பெண்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அந்தோனியார் இருக்கும் இடம் கோயில்! பிலோமினா குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அகதிகளுக்கென்று கொடுத்த குளிர்காலச் சப்பாத்துகள், ஈரமும் சேறுமாகப் பதினொரு சோடி, அறை வாசலில் வரிசையாக. பின்னால் வந்த வயதான டேனிஷ் தம்பதி அந்த வரிசையைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அந்த மனிதர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தன் சப்பாத்தையும் கழற்றத் தொடங்கினார்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிய நெஞ்சு வலிக்கிறது.

பிலோமினா காலுறையோடு, மெழுகு பூசிய தரையில் நடந்து போய் முழந்தாளிட்டாள். கையை நீட்டி அந்தோனியாரின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அவ்வளவுதான். மூலையில் இருந்த காவல்காரப் பெண் 'நை! நை!' என்று ஓடிவந்தாள். தொடக்கூடாதாம். தொடாமல் எப்படிக் கும்பிடுவது என்று எங்களுக்கு விளங்கவில்லை. தொட்டால் என்ன கெடும் என்று சொல்ல எங்களுக்கு விளங்கும் பாசை அவளிடம் இல்லை. கியர்ஸ்டன் இடையில் வந்து காதோடு ஏதோ சொன்னார். காவல்காரப் பெண் பிலோமினாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். குச்சிபோல இருந்தது அது. உடனே போய்த் தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கிவந்து போட்டாள்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் வலது ஓரத்தில், இருட்டுக்குள், ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. இடுக்கில் ஒரு மனிதரின் பாதி முகம். குருமடத்தில் எங்களுக்கு அந்தக் கதை சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தோனியார் தங்கியிருந்த வீட்டுக்காரர் அவர். வெளிச்சம் கண்டு எட்டிப் பார்த்து, குழந்தையைக் கண்டுவிட்டார். நான் சாகும்வரைக்கும் இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று அந்தோனியார் கேட்டுக்கொண்டாராம். அந்த மனிதரும் சொல்லவில்லை.

நான் பையில் கைவிட்டுக் கடிதத்தைத் தொட்டேன். ஊசியால் குத்திய பதக்கம் ஞாபகம் வந்தது. இதே அந்தோனியார் அல்லவா அந்தக் கழுத்திலும் இருந்தார்! அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? என் கண்ணிலிருந்து நீர் வழியத் தொடங்கிவிட்டது. துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பிலோமினா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பிரதர்... ஏன் அழுறியள்?"

நான் மறுபடி படத்தைப் பார்த்தேன்.

"ஏதும் கண்டனீங்களே?"

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக... அந்தக் கண்ணில் ஐந்து மாதத்தில் முதல்தடவையாக ஏதோ அசைந்தது. இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். கடிதத்தை எடுத்துக் கொடுக்க ஒரு கை போதும்.

"ஓம்" என்றேன்.

"அவரைப் பற்றியோ?"

"ஓம்."

"உயிரோட இருக்கிறாரோ?"

"இருக்கிறார்... குழந்தை என்னைப் பார்த்தது தங்கச்சி. அவர் வருவார், நீ சாப்பிடவேணும் எண்டு..." என் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவள் வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினாள். என்னைப் பிடித்திருந்தது, சற்று முன் அந்தோனியாரின் பாதத்தைத் தொட்ட அதே கை!

அந்தக் கதவிடுக்கு மனிதர் கண்டும் சொல்லவில்லை. நான் ஒன்றும் காணாமலே சொன்னேன்.

அன்று மத்தியானம் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் கட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்துச் சாப்பிட்டோம். புளிப்பு மணக்கும் கறுப்புப் பாண், மேலே ஈரலை அரைத்துப் பூசியது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தொண்டையில் இறங்காத சாமான். பிலோமினா இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவதை என்னுடையதிலிருந்து எடுத்தாள். கியர்ஸ்டன் அங்கால் திரும்பி மூக்கைச் சீறிக்கொண்டிருந்தார். நான் சந்தோசப்பட்டேன்! ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மத்தியானத்தைப்போல ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பங்குனியில் தேறிவிட்டது. சித்திரையில் அவள் சிரித்தாள். சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? ஊரிலிருந்து அந்தப் பங்குச் சுவாமி மறுபடி எழுதினார், 'சொன்னாயா?' என்று. 'சொல்லிவிட்டேன். நன்றாக அழுது ஆறிவிட்டாள். நீங்கள் அவளுக்கு எழுத வேண்டாம், தாங்கமாட்டாள்' என்று பதில் போட்டேன். முதல் பொய் வாயிலிருந்து தானாக விழுந்தது என்று வாதாடலாம். இது அப்படியில்லை. மேசையில் இருந்து, பேனாவுக்கு மை போட்டு, யோசித்து எழுதியது. அந்தச் சுவாமியும் சில வருடத்தில் நோய் கண்டு போய்விட்டார். உண்மை தெரிந்தவன் இந்த உலகத்தில் பிறகு நான் ஒருவன்தான்.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன்! மாதம் ஒருதரம் முகாமுக்குப் பூசை வைக்க ஒரு போலந்துக்காரச் சுவாமியார் வருவார். தமிழ் ஒரு சொல் தெரியாது. 'உங்கள் பாசையிலேயே சொல்லுங்கள், கடவுளுக்கு விளங்கும்' என்று எல்லோருக்கும் பெரிய மனதோடு அனுமதி தந்திருந்தார். மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. எனக்கு இருந்தது. ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம், லத்தீனில்கூடச் சொல்லியிருக்கலாம். நான் வேண்டுமென்றே தமிழில் சொன்னேன். கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னேன்! அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் தலைக்கு மேல் கையை உயர்த்திப் பாவமன்னிப்புத் தந்தார்.

எதை மன்னித்தார்? நான் பாணைத் திருடியதாக நினைத்தாரோ, தாயை ஏசியதாக நினைத்தாரோ... அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை பூசையில் நாக்கை நீட்டி நன்மை எடுக்கிறேன். இப்போது தமிழ்ச் சுவாமிமார் வருகிறார்கள். அவர்களிடம் கோபப்பட்டதையும் பூசைக்குப் பிந்தி வந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். வழக்கு முடிந்து வதிவிட அனுமதி கிடைத்ததும் எங்களில் பலர் இக்காஸ்ட் என்னும் ஊருக்குப் போனோம். அங்கே துணி ஆலைகள். பிலோமினா சட்டைக்குக் கை பொருத்தித் தைக்கும் பகுதியில், நான் துணிச்சுருள் தள்ளும் பகுதியில். ஒருநாள் இடைவேளையில், அவள் அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தபோது, துணிந்து வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்... உங்களைக் கேக்கச் சொன்னவர். நல்ல மனுசன்."

கத்தி நின்றது. "என்னத்துக்கு?"

"கட்டத்தான்."

அவள் கோபிக்கவில்லை. சிரித்தாள்! "என்ன பிரதர் நீங்கள்? ஆரும் கேக்கலாம், நீங்கள் கேக்கலாமே? உங்களுக்கெல்லோ அந்தோனியார் காட்டினவர்! என்ர மனுசன் வாறார் எண்டு அந்த ஆளிட்டைச் சொல்லிவிடுங்கோ."

அந்த ஆளிடம் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த ஆள் அவளுக்கு முன்னால்தான் இருந்தான். அவள் நீட்டிய அப்பிள் துண்டை வாங்கித் தின்றுவிட்டு மறுபடி துணிச்சுருள் தள்ளப் போனான். இன்றுவரை வேறு ஒருத்தியைக் கேட்கவும் இல்லை.

அவள் வாழ்க்கை பாழாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். கார் ஓட்டப் பழகினாள். டேனிஷ் என்னைவிட நன்றாகப் பேசுவாள். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தாள், அதுகள் டேனிஷில் பதில் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தமிழில் திருத்துவாள். கலியாண வீடுகளில் அவள் பாட்டு இல்லாமல் இருக்காது. ஆனால் முகவரி மாறவேண்டிவரும் என்று முப்பது வருடம் வீடு மாறவில்லை. பழைய தொலைபேசி எண்ணை மாற்றவில்லை. அவர் தேடிவந்தால் குழம்பக்கூடாதாம்! விதவையாக அழுது முடித்திருந்தால் இருபத்தேழு வயதில் எழுந்து நடந்திருப்பாளோ? அல்லது அந்த மாசி மாதமே பட்டினியில் போயிருப்பாளோ? எனக்குத் தெரியாது. எத்தனை ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்... தெரியாது.

இப்போது அவளுக்கு வயிற்றில் கட்டி. பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். நாள்தோறும் மத்தியானம் போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு வருகிறேன். சூப் பருக்கிவிடுவேன், செபமாலை சொல்வோம். போன கிழமை பாதிச் செபமாலையில் நிறுத்திவிட்டாள்.

"பிரதர், எனக்குச் சாகப் பயமாக் கிடக்கு."

"பயப்பிடாதையுங்கோ. ஆண்டவரிட்டைத்தானே..."

"அதில்லை. அங்கை அம்மா இருப்பா, எல்லாரும் இருப்பினம். அவரெல்லோ இல்லை! அவர் இங்கையெல்லோ எங்கையோ இருக்கிறார். நான் போனாப்பிறகு வந்தால்? இவ்வளவு காலம் இருந்துபோட்டு, வாற நேரம் இல்லாமல் போனனெண்டு நினைப்பார்."

இதைவிட ஒரு தருணத்தை எனக்கு யார் தருவார்கள்? 'இல்லைப் பிலோமினா, அவர் அங்கேதான் இருக்கிறார், எப்போதோ போய்விட்டார், பயப்படாமல் போ' என்று சொல்லியிருந்தால் அவள் பயம் அந்தக் கணமே போயிருக்கும். உண்மையே அவளுக்கு ஆறுதலாக வந்து நின்ற ஒரே வேளை அது! ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்ப தெரியும் உங்களுக்கு, என்று.

நான் செபமாலையில் அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினேன்.

அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். அந்தப் பழைய பிடி.

"நீங்கள் இருக்கிறியள்தானே. அவர் வந்தால் ஸ்டேசனுக்குப் போவியளே? அவருக்கு இந்தப் பாசை ஒண்டும் தெரியாது."

"போவன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. செபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நான் மறுமொழி சொன்னேன்.

தாதிகள் இன்னும் சில கிழமை என்கிறார்கள். இன்று மத்தியானமும் போனேன், சொல்லவில்லை. நாளையும் போவேன்... கோழை! பரிசுத்த வேடம் போட்ட கோழை!

அவள் அந்த உலகத்துக்குப் போய்ச் சேரும்போது அருளப்பு வாசலில் நிற்பார், கழுத்தில் உத்தரியத்தோடு. அவள் முதலில் அலறுவாள், பிறகு ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள், அழுவாள், சிரிப்பாள். பிறகு கொஞ்சம் விலகி நின்று அவர் முகத்தைப் பார்த்து, 'நீங்கள் எப்ப வந்தனீங்கள்?' என்று கேட்பாள்.

அவர் சொல்லுவார்.